பங்குனி வெயிலும் ஒரு விமானியும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும். கம்பெனியில் காலையில் என்னிடம் திட்டு வாங்கிய பெண்களே மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து, "துவையல் இருக்கு, சாப்பிடுதீகளா" என்று கேட்பார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்பேன். ஆனால் ஒரே ஒரு ஆள் மேல் வந்த கோபம் மட்டும் இத்தனை வருஷமாகியும் இறங்கவில்லை. அவர் ஒரு விமானி. என் தங்கையை வானத்திலிருந்து குதிக்கவிடாமல் மூன்று நாள் இழுத்தடித்தவர்.

திருத்தங்கல்தான் எங்களுக்கு ஊர். அப்பா தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கி முக்கியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மதுரையில் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்தாள். அங்கே பாராசூட் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா போடவில்லை. போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. அவள் அந்தத் தாளை நான்காக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். படிப்பு முடிந்ததும் திருத்தங்கலிலேயே ஒரு பிரஸ்ஸில் சேர்ந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலண்டருக்கு முருகனையும் லட்சுமியையும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் போயிருக்கும். விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் சூப்பர்வைசராக இருந்த பையனுக்கு அவளைப் பேசி முடித்தோம். சித்திரைக் கடைசியில் முகூர்த்தம். பேசி முடித்த அன்று சாயங்காலம் அப்பா அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் கேள் என்றார். சேலை, வளையல் என்று ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள், ஒரே ஒரு தடவை விமானத்திலிருந்து குதித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து சின்ன விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராக முகாம் போடுகிறார்களாம். அவர்களிடம் மதுரையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடித்துவிட்டாளாம். பிரஸ்ஸில் வேலை அதிகம் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைகள் அவை.

நான் கத்தினேன். அப்பா கத்தவில்லை. கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் பேசினார்.

"அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மூணு நாளு லீவு. அதுக்குள்ள குதிச்சிட்டு வந்துரு. அது முடிஞ்சதுன்னா இந்தப் பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது."

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே கூடாது என்று நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று நாள், அதற்குள் ஒரு குதி. அதற்குப் பிறகு சாகும்வரை கிடையாது. பேச்சு அவ்வளவுதான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன பழைய ஓடுதளம் ஒன்று கரிசல் காட்டுக்கு நடுவில் கிடந்தது. சுற்றிலும் சீமைக்கருவேல மரம். அங்கேதான் முகாம். முதல் நாள் விடியற்காலையில் பைக்கில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, சாத்தூர் தாண்டிப் போனேன். ஒரு கூடாரம், நாலைந்து நாற்காலி, ஒரு கம்பத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பை, ஒரு விமானம். விமானம் என்றால் எங்கள் கம்பெனி லோடு வேனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். குதிக்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நடைக்கு மூன்று பேர்தான் ஏற முடியும். அந்த நடைக்கு அவர்களும் லோடு என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

பயிற்சி கொடுப்பவர் ராணுவத்தில் இருந்து வந்தவர். அவர் எனக்கு விளக்கினார். பாராசூட்டை இவர்கள் இழுக்க வேண்டியதே இல்லை, விமானத்தில் கட்டிய கயிறே இழுத்து விரித்துவிடும், இவர்கள் வாசலில் இருந்து கையை விட்டால் போதும். இறங்கும்போது காலைச் சேர்த்து வைத்து உருள வேண்டும். காற்று மட்டும் அடங்கி இருக்க வேண்டும், புதிதாகக் குதிப்பவர்களுக்கு அது ரொம்ப முக்கியம் என்றார். காற்றைப் பற்றி அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. பிறகு ஒரு தாளைக் காட்டினார். முதல் லோடு, மூன்று பெயர். முதல் பெயர் என் தங்கையுடையது.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் நல்ல நாள் என்றால் வெயில் அடிக்கிற நாள். மருந்து காய வெயில், அட்டை காய வெயில், பசை காய வெயில். வானம் மூட்டம் போட்டால் காயப்போட்டதை எல்லாம் அள்ளி உள்ளே வைக்க வேண்டியதுதான். விடிந்ததும் விரிக்க மாட்டோம். பனி ஈரம் வடியட்டும் என்று பார்த்து, எட்டு மணிக்கு மேல் சுள்ளென்று ஏறினபிறகுதான் மேடையில் காயப்போடுவோம். பதினைந்து வருஷம் அந்த மேடையில் நின்றவன் நான். வெயிலைப் பார்த்து மணி சொல்வேன். அன்று காலை ஆறரைக்குக் கரிசல் மேல் லேசாகப் புகை மாதிரி பனி படர்ந்திருந்தது. காற்றில் ஈரம். துணிப்பை செத்த பாம்பு மாதிரி தொங்கியது. எனக்குப் பிடிக்கவில்லை. முதல் முதலாக ஒரு பிள்ளை குதிக்கப்போகிறது, இந்த ஈரத்தில் ஏன்?

பயிற்சிக்காரரிடம் போய், தங்கச்சி பேரைப் பின்னால் தள்ளிப் போடுங்கள், நல்லா வெயில் ஏறட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நிச்சயமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணன் என்ற தோரணையில் நிச்சயம் என்றேன். மதுரையில் பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார், அவர் சந்தோஷமாக முதல் லோடுக்கு மாறிக்கொண்டார். தங்கை அப்போது கூடாரத்துக்குப் பின்னால் இடுப்புப் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் லோடு கிளம்பியது. வானத்தில் ஒரு புள்ளியாகச் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குடைகள் விரிந்தன. நேராக, கயிறு கட்டி இறக்கியதுபோல ஓடுதளத்துப் பக்கத்திலேயே வந்து இறங்கினார்கள். பேங்க்காரர் எழுந்து நின்று சிரித்துக்கொண்டே அழுதார். தங்கை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தது நான் என்று நின்றாள். முதல் லோடில் ஏன் தன் பெயர் இல்லை என்று அவள் அப்போது கேட்கவில்லை. அடுத்த லோடுக்குப் பாராசூட்டைச் சரிபார்த்து, எண்ணெய் ஊற்றி, இறக்கையைத் தட்டிப் பார்த்து என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. வெயில் ஏறியது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நான் நினைத்த மாதிரியே நாள் அமைந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

விமானி இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். திருச்சிப் பக்கத்து ஆள். ஒடிசலாக, எதற்கும் அவசரப்படாத முகம். துணிப்பையை அண்ணாந்து பார்த்தார். அது எழுந்து ஆட ஆரம்பித்திருந்தது. கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டார். பிறகு பயிற்சிக்காரரிடம் போய், "போதும். இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நேராக அவரிடமே போனேன். இம்புட்டு வெயில் அடிக்கிறது, மேகம் ஒன்றுகூட இல்லை, இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், சூட்டுக் காற்று மேலே கிளம்பும், தரையோரக் காற்றும் சேர்ந்தால் குடை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று சொல்ல முடியாது, விடியற்காலைதான் இதற்கு நேரம் என்று அவர் நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது. வெயிலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று ரத்தம் கொதித்தது. அவர் விடியற்காலைதான் நேரம் என்று சொன்னது தங்கை காதில் விழுந்தது. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். தன் பெயர் அடித்துக் கீழே எழுதியிருப்பதைப் பார்த்தாள். யார் சொல்லி என்று பயிற்சிக்காரரைக் கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பினோம். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். அன்று பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள் இருட்டோடு கிளம்பிவிட்டோம். நான்தான் அவசரப்படுத்தினேன். முதல் பெயர் அவளுடையது, நானே தாளில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். காற்று இல்லை. ஆனால் வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் தாழ்ந்து வந்து உட்கார்ந்திருந்தது. பங்குனியில் இப்படி மூட்டம் போட்டு நான் பார்த்ததே இல்லை. விமானி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே போனால் தரை தெரியாது, தரை தெரியாமல் ஆளை இறக்க முடியாது என்றார். பிறகு இறக்கைக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். படுத்ததோடு இல்லை, தூங்கியும்விட்டார். பன்னிரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இந்த மனுஷன் குறட்டை விடுகிறார். எழுப்பி இரண்டு கேள்வி கேட்கலாமா என்று போனேன். தங்கை கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு மூட்டம் கலைந்தது. வெயில் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். விமானியும் எழுந்தார், பாயைச் சுருட்டினார், துணிப்பையைப் பார்த்தார். வேண்டாம் என்றார்.

"மேகம் இருந்தாலும் வேண்டாங்கீக, வெயில் அடிச்சாலும் வேண்டாங்கீக. பின்ன எப்பத்தான்யா வேணும் உங்களுக்கு?" என்று நான் கேட்டது அந்தக் காட்டுக்கே கேட்டிருக்கும்.

அவர் ஓடுதளத்தின் அந்தக் கடைசியைக் கையால் காட்டினார். அங்கே ஒரு சுழல்காற்று எழும்பி, காய்ந்த பருத்திமார்க் குச்சிகளையும் கரிசல் புழுதியையும் வாரிக்கொண்டு பனை உயரத்துக்குச் சுற்றியது. கூடாரத்தின் ஒரு மூலையைப் பிடுங்கிவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் போனது. எங்கள் ஊரில் இதெல்லாம் தினமும் பார்க்கிறதுதான், காயப்போட்டது மேல் சாக்கைப் போட்டு நாலு கல்லை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். பெண்பிள்ளை மேலே கல்லை வைக்க முடியாதே என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

மத்தியானம் தங்கை புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அந்த ஆளுக்கும் கொடுத்தாள். அவர் ரசித்துத் தின்றுவிட்டு, என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கம்பெனியில் இடி கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விசில் ஊதி அத்தனை பேரையும் ரூமை விட்டு வெளியே அனுப்பிவிடுவோம் என்றேன். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிற பெண்கள் அப்போது என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள், தூரத்து இடிக்கெல்லாம் ஏன் ஊதுகிறாய் என்று கேட்பார்கள், நான் காதில் வாங்குவதில்லை என்றும் சொல்லித் தொலைத்தேன். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குக் கேட்டார் என்று புரிந்தது. அவர் கையைக் கழுவப் போய்விட்டார். அது வேறு, இது வேறு என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எப்படி வேறு என்று தங்கை கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் விடியும்போதே காற்று. துணிப்பை விறைத்துக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலத்தோடு முகாம் முடிகிறது, எங்கள் லீவும் முடிகிறது. வந்தவர்களில் பாதிப் பேர் பத்து மணிக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தங்கை நகரவில்லை. கூடாரத்து நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தத் துணிப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடித்தாள். பேச்சுக் கொடுத்தால் உம் கொட்டினாள். அவளுடைய முகம் வெயிலில் கறுத்து உதடு வெடித்திருந்தது. கல்யாணப் பெண் முகமா இது, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் கவலை. நான் சும்மா இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே குதித்து முடித்து, இந்நேரம் வீட்டில் பொங்கல் சோறு தின்றுகொண்டிருப்பாளே என்று இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது எண்ணம் வரும்போதெல்லாம் நான் விமானியை முறைத்தேன்.

நாலரை மணிக்குத் துணிப்பை இறங்கியது. விமானி எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தார். மண்ணைத் தூவிப் பார்த்தார். ஒரு லோடு போய்ப் பார்க்கலாம் என்றார். தங்கை எழுந்த வேகத்தில் தண்ணீர்ப் பாட்டில் உருண்டு ஓடியது. பட்டைகளை அவளே மளமளவென்று மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பாத்துக்கிட்டே இருண்ணே. மொதல்ல வர்ற ஆளு நான்தான்."

விமானம் ஏறியது. நான் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். ஒரு சுற்று வந்தது. மேலேயிருந்து மஞ்சள் நிறத்தில் நீளமான காகித நாடா ஒன்று விழுந்தது. காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க அதைத்தான் முதலில் போடுவார்களாம். அது நெளிந்து நெளிந்து இறங்கியது. ஓடுதளத்தில் விழவில்லை. பக்கத்திலும் விழவில்லை. எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய், கருவேலங்காட்டின் அந்தப் பக்கம் எங்கேயோ மறைந்தது. கீழே என் சட்டைகூட அசையவில்லை. விமானம் இரண்டாவது சுற்று வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றும் வந்தது. எதுவும் விழவில்லை. பிறகு சத்தம் மாறியது. விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு இறங்க ஆரம்பித்தது.

போன மூன்று பேரும் விமானத்தோடேயே திரும்பி வந்தார்கள். தங்கை கடைசியாக இறங்கினாள். திறக்காத பாராசூட்டை முதுகில் சுமந்துகொண்டு, கீழே பார்த்தபடியே நடந்து வந்தாள். அவள் வாசல் வரைக்கும் வந்து, காலை வெளியே வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்போதுதான் விமானி வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கிறார். கூடவே ஏறியிருந்த பயிற்சிக்காரர் அவளைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார்.

நான் ஓடிப்போய் விமானியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். இது நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஏன்யா, மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டு இறக்கிக் கூட்டிவருகிறாயே, இதற்குக் கூட்டிப்போகாமலே இருந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. மேலே உயரத்தில் காற்று பலமாக இருக்கிறது, நாடா விழுந்த இடத்தில் பிள்ளை விழுந்தால் முள்ளில்தான் விழும், மேற்கே மலைப் பக்கம் மின்னலும் பார்த்தேன் என்றார். நான் மேற்கே பார்த்தேன். கீழேயிருந்து ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் அன்று மழையும் பெய்யவில்லை, இடியும் கேட்கவில்லை. இருட்டும்வரை ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அந்த ஆள் பார்த்த மின்னல் எங்கே போனது என்று இன்றைக்கும் கேட்பேன்.

பயிற்சிக்காரர் வந்து என்னைப் பிரித்து விட்டார். விமானி சட்டையைச் சரிசெய்துகொண்டு தங்கையிடம் பேசினார்.

"அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை திரும்பவும் இங்க வர்றோம்மா. முதல் லோடுல முதல் ஆள் நீதான். நானே போன் பண்றேன்."

அவளுடைய கண் ஒரு நொடி விரிந்தது. நான் இருக்கிற கோபத்தில் அவளை முந்திக்கொண்டேன்.

"அடுத்த மாசமெல்லாம் கிடையாதுய்யா. அவளுக்குக் கல்யாணம். இன்னையோட எல்லாம் முடிஞ்சு போச்சு."

விமானி என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு விமானத்துக்குக் கதவு மாட்டப் போய்விட்டார்.

வழியெல்லாம் நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். கோழை என்றேன், ஓட்டத் தெரியாதவன் என்றேன், நம்மைப் போல ஆட்கள் என்றால் இளக்காரம் என்றேன். சாத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். ரோட்டில் பொங்கலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம், பஸ் மேலெல்லாம் ஆட்கள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டும் நான் விடவில்லை. உன்னைக் குதிக்கவிடாமல் பண்ணிவிட்டானே பாவி என்றேன். அவள் டம்ளரை பெஞ்சில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு இன்னைக்கு வேண்டாம்னுதான் சொன்னாருண்ணே. இனிமே வேண்டாம்னு நீயும் அப்பாவும்தான் சொன்னீக."

டீக்கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் அவள் மேலேயே பாய்ந்தேன். இவ்வளவு தூரம் கூட்டிவந்ததற்கு இதுதான் நன்றியா, அப்பா விட்டதே பெரிது, வேறு எந்த வீட்டில் விடுவார்கள் என்று, ஒரு அண்ணன் பேசக்கூடிய அத்தனையும் பேசினேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பா கேட்டதற்கு, காத்து சரியில்லப்பா என்று மட்டும் சொன்னாள். அப்பாவுக்குத் திருப்தி. நல்லதாகப் போயிற்று, அம்மன் காப்பாற்றினாள் என்று சொல்லிவிட்டுக் கல்யாண வேலையில் இறங்கினார்.

சித்திரை பிறந்தது. கம்பெனியில் ஆர்டர் குவிந்தது. கல்யாணப் பத்திரிகை அவளுடைய பிரஸ்ஸிலேயே அடித்து வந்தது, அவளே டிசைன் செய்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு மணி இருக்கும், என் செல்போன் அடித்தது. முகாமில் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் வீட்டு ஆள் என்ற இடத்தில் என் நம்பரைத்தான் எழுதியிருந்தாள். எடுத்தேன். அந்த நிதானமான குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"சார், இங்க காத்தே கொஞ்சங்கூட இல்ல. இதவிட நல்ல நாள் கெடைக்காது. தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. எட்டு மணி வரைக்கும் லோடு போடாம வச்சிருக்கேன்."

ஒன்றரை மணி நேரப் பாதை. பைக் வாசலில் நின்றது. அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அன்று வருவதாகவும் இல்லை. பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். கோவிலுக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் நம்பாதவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்று நாளாக வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன ஆள், இன்றைக்கு வா என்று கூப்பிடுகிறான். இவன் கூப்பிட்டால் ஓட வேண்டுமா என்று முதலில் ஒரு வீம்பு வந்தது. வீம்பு அடங்கினதும் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. போய்க் குதித்துவிட்டு வந்தால், அதோடு நிற்பாளா என்ற பயம். இன்னொன்று கேட்பாளே, அதற்கும் தலையாட்ட வேண்டி வருமே என்ற பயம். அந்த விமானிமீது எனக்கு இருந்தது எல்லாம் கோபம்தான். இது கோபமில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன்.

அவர், சரி சார் என்று வைத்துவிட்டார். எங்களிடம் அவர் மூன்று நாளும் இப்படித்தானே ஒரு வார்த்தையில் வேண்டாம் என்றார், நானும் அப்படிச் சொன்னால் என்ன என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

தங்கை முற்றத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்ததை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிக் காயவைத்திருந்தாள். மேலே ஒரு கல்லுகூட வைக்கவில்லை. அத்தனையும் மெல்லிசுத் தாள்கள். ஒன்றுகூட அசையவில்லை.

"யாருண்ணே போன்ல?" என்று கேட்டாள்.

"கம்பெனியில இருந்து" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பத்திரிகையை எடுத்தாள்.